எண்ணாமல் எழுதிய அசைவுகள்

மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசியில் வாரா வாரம் என்று அந்த அரசாங்கக் கிளினிக்கின் நீல நாற்காலிகளில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் நான்கைந்து முழு நாள்களாவது தேறும். அத்தனை நேரத்தில் டாக்டரிடம் நான் சொன்ன உண்மைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். என்னோடு உட்கார்ந்திருந்த மற்ற கர்ப்பிணிகளின் லட்சணமும் அதுதான். ஒரே வித்தியாசம், அவர்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செரண்டா, சுங்கை சோ, ராசா என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். பாதிப்பேர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள். எல்லார் கையிலும் ஓர் இளஞ்சிவப்புப் புத்தகம். எடை, இரத்த அழுத்தம், சீனி, வயிற்றின் அளவு எல்லாம் அதில்தான் ஏறும். அட்டையில் வண்ணச் சின்னம் ஒன்று ஒட்டுவார்கள். வெள்ளை, பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் பெரிய டாக்டர் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் அந்த மஞ்சள். ஆனால் அது ஒட்டப்பட்டவள் புத்தகத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, பரீட்சையில் கோட்டைவிட்டவள் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவாள். பச்சைக்காரிகள் புத்தகத்தை மடிமேல் நிமிர்த்தி வைத்துக்கொள்வார்கள்.

மஞ்சளிலிருந்து தப்புவதற்கு அவர்கள் பண்ணாத கூத்தில்லை. சீனித் தண்ணீர் குடித்து இரத்தம் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு மூன்று நாள் முன்பே சோறு நின்றுவிடும். மைலோ பானம் நின்றுவிடும். பாகற்காய்ச் சாறு வீட்டுக்கு வீடு ஓடும். சோதனையில் தேறிவிட்டு, அன்று சாயங்காலமே பசார் மாலம் இரவுச் சந்தையில் ஒருத்தி பாகு ஊற்றிய செண்டோல் உறிஞ்சிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். யாரை ஏமாற்றினாள் என்று அவளுக்கும் தெரியாது, சொன்னாலும் மண்டையில் ஏறாது.

வெளியே நாற்காலியில் அவர்கள் பேசாதது எதுவுமில்லை. ஒருத்திக்கு மூன்று நாளாகக் கண் இருட்டுகிறது. ஒருத்திக்கு உள்ளங்கை அரித்து எடுக்கிறது. ஒருத்திக்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டிருக்கிறது. முன்பின் தெரியாதவளிடம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். எண் வந்து உள்ளே போனதும் எல்லாருக்கும் எல்லாம் ஓகே. உள்ளே போய் மூன்று நிமிடத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தலைச்சுற்றலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

என் மாமியாரை இதில் யாரும் மிஞ்ச முடியாது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மருந்தடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து செரண்டாவில் எங்களோடு இருக்கிறார். ஒவ்வொரு சோதனைக்கும் கூடவே வந்துவிடுவார். டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் நல்லா இருக்குங்க டாக்டரம்மா என்று முடித்துவிடுவார். எனக்குக் கால் வீங்கி, தொழிற்சாலைக் காலணி நுழையாமல் இருந்த வாரத்திலும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்று ஒன்று நடக்கும். ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அங்கே கணக்கெழுதும் கிராணி முன்னால் நின்று உடம்பு சரியில்லை என்றவளுக்கு அன்றைக்கு வேலை போனது. அதனால் காய்ச்சலில் நின்றவளும் நல்லா இருக்கேங்க என்றுதான் சொல்லப் பழகினாள். கிராணி செத்துப் பல வருஷமாகிவிட்டது. தோட்டத்தில் பாதியை விற்று மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். மாமியார் மட்டும் இன்னும் பெரட்டில்தான் நிற்கிறார். டாக்டர் முகம் கோணக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய குறிக்கோள்.

அந்த டாக்டரும் இதற்குத் தோதானவர்தான். நம் தமிழ்ப் பெண், என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். கணினியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தலைவலி இல்லையே, வீக்கம் இல்லையே, அசைவு ஓகேதானே என்று பதிலையும் தானே சொல்லித்தான் கேள்வி கேட்பார். நாம் தலையை ஆட்டுவதற்குள் விரல் தட்டி முடித்திருக்கும். வெளியே எழுபது பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை வரவில்லை. என் கணவருக்கோ கிளினிக் வாசலோடு கடமை முடிந்தது. காரை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டு எதிர்க்கடையில் தே தாரிக் குடிக்கப் போய்விடுவார். வெளியே வந்ததும், என்ன சொன்னாங்க என்பார். ஓகேயாம் என்போம். அவருக்கு அது போதும்.

இத்தனை பேரையும் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் யார் என்று சொல்லவேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இயந்திரத்தில் நிற்பவர்கள் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து ஒரு தாளில் எழுதவேண்டும். பாதிப்பேர் எழுதமாட்டார்கள். ஷிப்ட் முடியும்போது எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. தாளைத் தூரத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும். ஒரு தடவை அப்படி எழுதியவளின் தாளைக் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். அவள் அழுதாள், எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள். நான் அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதம் முடிந்தபோது, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி என் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சிறு சிறு கட்டங்கள். தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணவேண்டும். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வருகிறதோ அந்தக் கட்டத்தில் குறிக்கவேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வரவில்லை என்றாலோ, வழக்கத்தைவிடக் குறைந்தாலோ உடனே கிளம்பி வரவேண்டும். விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. தாள் நிரப்புவதைப் பற்றி எனக்கே பாடமா?

முதல் நாள் எண்ணினேன். நான்கு வரை வந்தது. அதற்குள் ஒரு இயந்திரத்தில் பாகங்கள் கோணலாக விழ ஆரம்பித்துவிட்டன. போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது நான்கா ஐந்தா என்று மறந்துவிட்டது. மத்தியானம் ஒருமுறை உதைத்தது, சாயங்காலமும் உதைத்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று பதினொன்றரைக்கு ஒரு குறி போட்டேன். அடுத்த நாள் எண்ணவேயில்லை. அதற்கடுத்த நாள் கட்டத்தையே மறந்துபோனேன். அதன்பிறகு சோதனைக்குப் போகிற காலையில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விட்டுப்போன நாள்களை மொத்தமாக நிரப்புவது வழக்கமாகிவிட்டது.

மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளிடம் பேனா இரவல் வாங்கி, எல்லா நாளுக்கும் பத்து மணி என்று ஒரே வரிசையில் கோடு இழுப்பார்கள். எவ்வளவு கேவலமான வேலை. நான் அப்படிச் செய்வேனா? ஒரு நாள் பதினொன்று, ஒரு நாள் பன்னிரண்டரை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதால் பத்தரை, ஓவர்டைம் பார்த்த நாளில் இரண்டு மணி. இரண்டு பேனா வைத்திருந்தேன். ஓரிடத்தில் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்திக்கூட வைத்தேன். பொய்யிலும் எனக்குத் தரம் வேண்டியிருந்தது.

அதற்குப் பலனும் கிடைத்தது. முப்பத்து நான்காவது வாரம் டாக்டர் முதல்முறையாகக் கணினியிலிருந்து திரும்பி என் பக்கத்தைப் பார்த்தார். பார்த்தவர் மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கடுத்து உள்ளே வந்து நின்ற பெண்ணிடமும் நீட்டி, இப்படி எழுதணும் என்றார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். ஒன்பது மாதத்தில் அந்த அறையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

முப்பத்தேழாவது வாரச் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் வேலையில் நிற்கும்போதே வயிறு என்னவோ அமைதியாக இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்து போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். தலை இறங்கிவிட்டால் பிள்ளை அப்படித்தான் அடங்கிக் கிடக்கும், பிரசவம் நெருங்கிவிட்டது என்றார். அவர் சொன்னதை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. காலையில் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து ஏழு நாளையும் நிரப்பினேன். அந்த அமைதியான திங்கள்கிழமைக்கும் பதினொன்றரை என்று எழுதினேன். எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் எழுதிவிட்டேன்.

கிளினிக்கில் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்தார். இதயத் துடிப்பு கேட்டது. பத்து எண்ணுவதற்குள் கருவியை எடுத்துவிட்டார். அசைவு ஓகேதானே என்றார், பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார், தட்டினார். சொல்வதற்கு எனக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் நேற்று அசைவு குறைவு என்றால், பதினொன்றரைக்கே பத்து வந்துவிட்டதாக என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேனே? என் தாளே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் எல்லாம் நல்லா இருக்குங்க என்றார். நான் சிரித்தேன். அடுத்த வாரம் வாங்க என்றார் டாக்டர்.

மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம். மாமியார் வரிசையில் நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றில் கைவைத்து, அந்தப் பக்கத்தைக் கொடுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக உண்மையாக எண்ண ஆரம்பித்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. காசு போடும் இயந்திரத்தில் குளிர்ந்த மைலோ ஒன்று வாங்கிக் குடித்தேன். குளிர்ந்ததும் இனிப்பும் உள்ளே போனால் துள்ளும் என்பார்கள். துள்ளவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன், விரலால் குத்தினேன். சுவரில் கடிகாரம் நாற்பது நிமிடத்தைத் தாண்டியது. நான் ஒன்று என்ற எண்ணைக்கூட இன்னும் எட்டவில்லை.

எழுந்து டாக்டர் அறைக்கு நடந்தேன். எண் இல்லாமல் போகக்கூடாது என்று மிஸ்ஸி தடுத்தார். மாமியார் மருந்துப் பையோடு ஓடிவந்து, இப்போதானே எல்லாம் சரின்னு சொன்னாங்க, ஏன் திரும்பப் போயி தொந்தரவு பண்ற என்று என் கையைப் பிடித்தார். இன்னொருத்தி உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன்.

"டாக்டர், பிள்ளை அசையல."

அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "நேத்து பதினொன்னரைக்கே பத்து வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பொய் டாக்டர். இன்னைக்குக் காலையில வீட்டுல உக்காந்து எழுதுனேன். இந்தப் பக்கம் முழுசும் பொய். நான் ஒரு நாள்கூட முழுசா எண்ணுனது இல்ல."

பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "பயத்துல ஒளறுறா டாக்டரம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"அத்தே, நீங்க வெளிய போங்க," என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. தொழிற்சாலையில் ஒருத்தியின் தாளைப் பிடித்துக்கொண்டு நான் பார்க்கும் பார்வை அது. இன்னும் கொஞ்சம் இகழ்ச்சி சேர்த்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு பத்து எண்ணக்கூடப் பொறுமையில்லாமல் கருவியை எடுத்தவர்தானே என்று எனக்கும் உள்ளே புகைந்தது. ஆனால் அவர் முன்பே நிமிர்ந்திருந்தால் மட்டும் எதைப் பார்த்திருப்பார்? சிரித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை. அதனால் அந்தப் புகைச்சலை வைத்துக்கொண்டு என்னால் நெடுநேரம் இருக்க முடியவில்லை.

படுக்கவைத்து வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் துடிப்பைத் தாளில் வரையும் கருவியை ஓடவிட்டார்கள். கோடு ஏறி இறங்கவேண்டுமாம். என்னுடையது தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. தாளைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. தொலைபேசியை எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்த கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த முறை ஓகே என்று சொல்ல யாருமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதே ஒரு டாக்டர் கூட நடந்துகொண்டு கேட்டார். நரைத்த தலை, மலாய்க்காரர், நிதானமானவர். கடைசியாகப் பிள்ளை நன்றாக அசைந்தது எப்போது என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திங்கள்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது ஏதோ நெளிந்தது போலிருந்தது, அதுவா? சனிக்கிழமை வேலையில் நின்றபோதா? ஒன்றரை மாதத்துக்கு ஒரு நாள் விடாமல் நேரம் எழுதி வைத்திருந்தேன், நிமிடம் வரைக்கும். அதில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. நேற்றா, முந்தாநாளா என்று மறுபடி கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் முகத்தில் கோபமில்லை. கையிலிருந்த தாளில் தாய்க்கு நிச்சயமில்லை என்று எழுதிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

அரை மணி நேரத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். பெண். அழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யார் யாரோ வேகவேகமாகப் பேசுவது கேட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுகை வந்தபோது அது அவளுடையதா, பக்கத்து அறைப் பிள்ளையுடையதா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார், தான் முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் பிள்ளை தப்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் நம்பினார்கள். அவர்களில் இரண்டு பேர் கர்ப்பிணிகள், அதே கிளினிக்குக்குப் போகிறவர்கள். நான் நடந்ததை ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னேன். எண்ணுங்கள், எண்ணவில்லை என்றால் எண்ணவில்லை என்று சொல்லுங்கள், வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாலாவது டாக்டர் வாயைத் திறந்து கேட்பார் என்றேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். சரிக்கா, ஓகே லா என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தார்கள்.

மகளுக்கு இப்போது மூன்றரை வயது. இருபத்திரண்டாம் மாதத்தில்தான் நடந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைப் பிள்ளைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு புதியவரும் கோப்பைப் புரட்டிவிட்டு ஒரே இடத்தில் வந்து நிற்கிறார். பிறப்பதற்கு முன் எத்தனை மணி நேரம் அசைவு குறைந்திருந்தது? அது தெரிந்தால் இனி எதை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு சொல்லலாமாம்.

"தெரியாது டாக்டர். நான் எண்ணல," என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள். சிலர் வாய் தவறிக் கேட்டுவிட்டது போலப் பேச்சை மாற்றுகிறார்கள். மகள் என் மடியிலிருந்து இறங்கி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி கதவு வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்க்கிறாள். அந்தக் கால் எத்தனை மணி நேரத்தில் அப்படி ஆனது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவளாக இருந்தது நான் ஒருத்திதான்.